பவர குறைச்சேன், குரூப் சுருங்குச்சு

ஏர் ரைஃபிள் வச்சிருக்கேன்னு எங்க பக்கத்துல ஒருத்தன்கிட்ட சொன்னா மொத கேள்வி "எத்தற தூரம் போவும் மக்கா?"ன்னு தான் வரும், ரெண்டாவது கேள்வி "கொக்கு விழுமா?", மூணாவதா கொஞ்சம் வெவரம் தெரிஞ்சவனா இருந்தா "ஸ்ப்ரிங்க மாத்தி பவர் கூட்டியாச்சா?"ன்னு கேப்பான். மூணுக்கும் பதில் சொல்லி சொல்லி வாய் வலிக்கி, அதனால எழுதியே வச்சிருவோம்னு உக்காந்துட்டேன். இனிமே எவன் கேட்டாலும் லிங்க் அனுப்பிட்டு நான் எனக்க சோலிய பாப்பேன்.

கொக்கு விசயத்த மொதல்லயே முடிச்சிருதேன். 1972 வனவிலங்கு பாதுகாப்பு சட்டம்னு ஒண்ணு இருக்கு, ஏர்கன்னுன்னு அதுல சலுகை ஒண்ணும் கெடையாது. தேரூர், சுசீந்திரம் கொளமெல்லாம் 2022ல ராம்சார்னு சொல்லுற உலக ஈரநில பட்டியல்லயே சேந்தாச்சு, எங்கெங்கயோ இருந்து பறவைங்க நம்மள நம்பி வந்து எறங்குது. ஏர்கன்ன தூக்கிட்டு கொளத்தங்கரைக்கு போறவன் கூட எனக்கு பேச்சே கெடையாது. நான் இங்க எழுதப்போறது பேப்பர்ல ஓட்ட போடுற கத, அதுவும் ஒரே ஓட்டைக்குள்ள மறுபடி மறுபடி போடுறது எப்பிடின்னு.

எனக்க ரைஃபிள் நம்ம நாட்டுலயே செஞ்சது, பேரல மடக்கி லோடு பண்ணுற ஸ்ப்ரிங் டைப்பு, பேரல் ஓட்ட .177 இஞ்சி, அதாவது 4.5 மில்லிமீட்டர். பழைய ஜெர்மன் டயானா 35 சாடை நல்லா அடிக்கும். கம்பெனி பேரு வேண்டாம், ஏன்னா கீழ சொல்லப்போற கொறையெல்லாம் இந்த வெலைக்கு கிடைக்குற ஸ்ப்ரிங் ரைஃபிள் எல்லாத்துலயும் ஏறக்குறைய உள்ளது தான். 2016 ஆயுத விதிகள் படி 4.5 மில்லிமீட்டருக்கு மேல போகாத, 20 ஜூலுக்கு மேல சக்தி இல்லாத ஏர் ரைஃபிளுக்கு லைசென்ஸ் வேண்டாம். அந்த 20 ஜூல் கோட்ட தாண்டினா கத வேற, அதனால பவர் கூட்டுற ஆசாமிங்க அத மனசுல வச்சிக்கிடுங்க.

எடம் வேணும்லா, எடம்னு பாத்தா வீட்டுக்கு பொறத்தால ரப்பர் ஷீட் அடிக்க ஷெட்டு ஒண்ணு நீளமா கெடக்கு. ரோலர் மெசின் ரெண்டும் ஒரு மூலைல நிக்கி, மிச்சம் பத்து மீட்டருக்கு மேல தாராளமா இருக்கு, மூணு பக்கமும் செவரு, காத்து வராது. காத்து வராததுங்கிறது எங்க கன்னியாகுமரி மாவட்டத்துல சின்ன விசயம் இல்ல, அத பெறகு சொல்லுதேன். ரப்பர் தான் சும்மா கெடக்கேன்னு பெல்லட்ட, அதாவது ஏர்கன்னுல போடுற சின்ன ஈய குண்ட, பிடிக்க ஷீட்டயோ ஒட்டுப்பால் கட்டியையோ பின்னால வைக்கலாம்னு யாருக்காவது தோணும், வச்சிராதீங்க, ஈய பெல்லட்டு ரப்பர்ல பட்டு அப்பிடியே நம்ம மூஞ்சிக்கு திரும்பி வரும். நான் வச்சிருக்கது ஒரு மரப்பெட்டி, பின்பக்கம் இரும்பு தகடு ஒண்ணு கீழ பாத்து சரிஞ்சு நிக்கும், முன்னால பழைய சாரமும் சேலையும் இறுக்கி திணிச்சிருக்கு. கண்ணுக்கு கண்ணாடி போடாம ஷெட்டுக்குள்ள ஒருத்தரும் வரக்கூடாது, சுட்டு முடிச்சதும் சோப்பு போட்டு கை கழுவணும், ஈயம்லா.

இனி விசயம்.

ஸ்ப்ரிங் ரைஃபிள் ஏன் இந்த அடம் பிடிக்குன்னு புரிஞ்சா தான் எத தொடணும் எத தொடக்கூடாதுன்னு தெரியும். பேரல மடக்கும்போது உள்ள ஒரு பிஸ்டன் பின்னால போயி ஸ்ப்ரிங்க அமுக்கிட்டு சியர்னு சொல்லுற கொக்கில மாட்டி நிக்கும். ட்ரிகர இழுத்ததும் பிஸ்டன் முன்னால பாயும், அது முன்னால பாயும்போது துப்பாக்கி பின்னால நகரும். பிஸ்டனுக்கு முன்னால மாட்டுன காத்து டிரான்ஸ்பர் போர்ட்டுன்னு சொல்லுற சின்ன ஓட்ட வழியா நெருக்கிட்டு போவும், பிஸ்டன் கிட்டத்தட்ட முட்டப்போற நேரத்துல தான் பெல்லட்டு நகரவே தொடங்கும், அந்த அமுங்குன காத்துல மோதி பிஸ்டன் ஒருக்கா பின்னால துள்ளும், அப்போ துப்பாக்கி முன்னால இழுக்கும். போதாக்கொறைக்கு ஸ்ப்ரிங் விரியும்போது அதுவா ஒரு முறுக்கு முறுக்கும், துப்பாக்கி ஒரு பக்கமா திருகப் பாக்கும். இதுல பெரும்பகுதி பெல்லட்டு பேரல விட்டு வெளிய வர்றதுக்கு முன்னாலயே நடக்கு. அதனால நீங்க குறிய எவ்வளவு சுத்தமா வச்சாலும், ட்ரிகர் இழுத்ததுக்கும் பெல்லட்டு வெளிய வர்றதுக்கும் நடுவுல துப்பாக்கி ஒரு ஆட்டம் போட்டு முடிச்சிருக்கும். அந்த ஆட்டத்த மொத்தமா நிறுத்த ஒருத்தராலயும் முடியாது. ஒவ்வொரு ஷாட்டுக்கும் அது ஒரே மாதிரி ஆடணும், ட்யூனிங்குன்னா எனக்கு அவ்வளவு தான்.

இப்போ அந்த மூணாவது கேள்விக்கு வாரேன். கட்டி ஸ்ப்ரிங் போட்டா என்ன ஆகும்? பிஸ்டன் வேகமா போயி பலமா மோதும், துள்ளல் கூடும், முறுக்கு கூடும், பேரல மடக்க மல்லுக்கட்டணும், பத்து பதினஞ்சு ஷாட்டு போட்டதும் தோள் நடுங்கும், பேரல் மடங்குற எடத்துல போல்ட்டு தேயும். பெல்லட்டு கொஞ்சம் வேகமா போவும், அது உண்மை தான், பத்து மீட்டர்ல இருக்க பேப்பருக்கு அந்த வேகம் எதுக்கு? ஒலிம்பிக்ல சுடுற வால்தர், ஃபைன்வெர்க்பாவ், ஸ்டெயர் மாதிரி 10 மீட்டர் போட்டி ரைஃபிள் எல்லாம் பெல்லட்ட வினாடிக்கு 170 மீட்டர் பக்கம் தான் அனுப்பும். 0.53 கிராம் பெல்லட்டுக்கு கணக்கு போட்டு பாருங்க, ஏழரை ஜூல் பக்கம் வரும். ஏழரைன்னதும் பயப்படாதீங்க, அந்த ஏழரை பிடிச்சி தான் அபினவ் பிந்த்ரா 2008ல பெய்ஜிங்ல 700.5 எடுத்து தங்கத்த தூக்குனாரு, 2012ல லண்டன்ல ககன் நரங் வெண்கலம் வாங்குனாரு. அவங்க சுடுற குறி கார்டுல பத்தாம் ரிங்குங்கிறது அரை மில்லிமீட்டர் புள்ளி, ரிங்குக்கு ரிங்கு 2.5 மில்லிமீட்டர் தான் தள்ளி, ஆக வெளி வட்டமே 45.5 மில்லிமீட்டர் தான். அந்த புள்ளிய தொட பவர் ஒண்ணும் தேவைப்படல. அவங்க ரைஃபிள் ஸ்ப்ரிங் இல்ல, அடச்சு வச்ச காத்துல ஓடுறது, அத நான் மறைக்கல, ஆனா கணக்கு கணக்கு தான்.

அதனால எனக்க திட்டம் தலகீழ். பவர் கொறஞ்சா பரவால்ல, ஆட்டம் கொறையணும்.

எத மாத்துறதுக்கும் முன்னால இப்போ எப்பிடி சுடுதுன்னு ஒரு அளவு வேணும். பத்து மீட்டர்ல உக்காந்து, மேசைல கைய ஊனிக்கிட்டு, ஒரு கார்டுக்கு பத்து ஷாட்டு, அந்த ஓட்டையெல்லாம் சேந்து கெடக்குறதுக்கு பேரு தான் குரூப்பு. அஞ்சு ஷாட்டு குரூப்ப காட்டி பெருமை அடிக்கிறவங்க நெறைய உண்டு, அஞ்சுல அதிர்ஷ்டமும் கலந்திருக்கும், பத்துல அவ்வளவு சுலபமா ஏமாத்த முடியாது. ரொம்ப தள்ளி இருக்க ரெண்டு ஓட்டையோட வெளி ஓரத்துல இருந்து வெளி ஓரம் வரைக்கும் வெர்னியர் வச்சு அளந்து, அதுல 4.5 கழிச்சா நடுவுக்கு நடு அளவு. தொடக்கத்துல எனக்கு வந்தது 28 மில்லிமீட்டர் சுத்தி. ஒரு நேரத்துல ஒரு மாத்தம் தான் செய்யணும், செஞ்சிட்டு மறுபடி கார்டு. ஒரே நாள்ல ஸ்ப்ரிங்கு, சீலு, ஸ்கோப்பு எல்லாத்தையும் மாத்திட்டு "இப்போ நல்லா சுடுது"ன்னு சொல்லுறவனுக்கு எதனால நல்லா சுடுதுன்னு அவனுக்கே தெரியாது.

துப்பாக்கிய தொறக்காமயே செய்ய வேண்டிய வேல எக்கச்சக்கம் இருக்கு, சொன்னா நம்பமாட்டீங்க, பாதிக்கு பாதி முன்னேற்றம் அங்க தான் வந்துச்சு.

மொதல்ல ஸ்டாக் ஸ்க்ரூ, ஸ்டாக்குன்னா துப்பாக்கியோட மரப்பிடி. முன்பக்கம் ரெண்டு பக்கமும் ஒவ்வொண்ணு, ட்ரிகர் கார்டு பக்கம் ஒண்ணு. ஸ்ப்ரிங் ரைஃபிள் உதர்ற உதறல்ல இது தானா லூசாகும், அது எல்லா ஊர்லயும் உள்ளது. எங்க ஊருக்குன்னு தனியா ஒரு எளவு இருக்கு. தென்மேற்கும் பெய்யும், வடகிழக்கும் பெய்யும், நடுவுல கடக்காத்து ஈரம் வேற, வருசத்துல பாதி நாளும் மரம் ஊதிட்டு நிக்கும், பெறகு பங்குனி வெயில்ல சுருங்கும். எனக்க ஸ்டாக் மரம் என்ன மரம்னு எங்க ஊரு ஆசாரிக்கே பிடி கிடைக்கல, அயினியும் இல்ல தேக்கும் இல்லன்னு மட்டும் சொன்னாரு. மரம் ஊதும்போது ஸ்க்ரூ இறுக்கமா இருக்கும், சுருங்கும்போது அதே ஸ்க்ரூ லூசு, குறி தானா எடம் மாறும், நாம உக்காந்து ஸ்கோப்ப திருகிட்டு இருப்போம். இதுக்கு நான் செஞ்சது, ஸ்க்ரூ போற ஓட்டைக்குள்ள பித்தள புஷ் போட்டு, ஸ்க்ரூ தல மரத்த அமுக்காம புஷ்ஷ அமுக்குற மாதிரி ஆக்குனது. அப்பிடி ஆனா மரம் ஊதுனாலும் சுருங்குனாலும் ஸ்க்ரூவுக்கு கவல இல்ல. கூடவே ஸ்டாக்குக்கு உள்பக்கம், பாலிஷ் ஒண்ணும் போடாம பச்சையா விட்டிருப்பாங்க, அங்க லின்சீட் ஆயில் நாலஞ்சு தடவ தேச்சு காய வச்சேன். ஸ்க்ரூவுக்கு நீல கலர் த்ரெட்லாக்கர் ஒரு சொட்டு. செவப்பு வேண்டாம், பெறகு கழட்ட நீங்க தான் அழணும்.

இது மட்டும் செஞ்சதுல 28 இருந்தது 20 பக்கம் வந்துச்சு. செலவு ஒரு பிரியாணிக்கு உள்ள தான்.

அடுத்தது பிடி. சினிமாவுல பாத்து துப்பாக்கிய தோள்ல அமுக்கி, முன்கைய இறுக்கி பிடிக்கிறது தான் நம்ம ஆளுங்களுக்கு வழக்கம். ஸ்ப்ரிங் ரைஃபிளுக்கு அது சத்துரு. நாம எவ்வளவு இறுக்குறோமோ அது ஒவ்வொரு ஷாட்டுக்கும் மாறும், துப்பாக்கியோட ஆட்டமும் கூடவே மாறும். முன்கைய விரிச்சு, உள்ளங்கைல துப்பாக்கி சும்மா கெடக்கணும், கோழிக்குஞ்ச வச்சிருக்க மாதிரி, தோள்ல லேசா தொட்டா போதும். அது ஆடணும்னா ஆடிட்டு போட்டும், ஆனா ஒவ்வொரு தடவையும் ஒரே எடத்துல கை இருக்கணும். ஸ்டாக்குல கை வைக்கிற எடத்துல ஒரு துண்டு டேப்பு ஒட்டிருக்கேன், கண்ண மூடிட்டு வச்சாலும் அங்க தான் போவும். கைய ரெண்டு இஞ்சி முன்ன பின்ன நகத்தி வச்சு சுட்டு பாருங்க, குரூப்பே வேற எடத்துக்கு போறத பாத்தா நான் சொல்லுறது வெளங்கும்.

பெல்லட்டு. இதுல தான் பைசா போவும். தல தட்டையா இருக்க வாட்கட்டர், தல உருண்டையா இருக்க டோம், கூர் உள்ளது, இப்பிடி பல வக. பத்து மீட்டருக்கு வாட்கட்டர் போதும், பேப்பர்ல பஞ்ச் அடிச்ச மாதிரி வட்டமா வெட்டும், அளக்க சொகம். ஒரே 4.5ன்னு எழுதியிருந்தாலும் நல்ல கம்பெனி பெல்லட்டுல தலையோட அளவு 4.48, 4.49, 4.50, 4.51ன்னு தனித்தனியா டப்பா வரும். உங்க பேரலுக்கு எது பிடிக்கும்னு பேரல் தான் சொல்லணும், நாலு நண்பர்களா சேந்து ஆளுக்கு ஒரு டப்பா வாங்கி பங்கு போட்டுக்கிட்டா கைய கடிக்காது. மலிவு டப்பாவுல பாவாடை மாதிரி விரிஞ்ச பின்பக்கம் நசுங்கி கெடக்கும், அத ஒவ்வொண்ணா வெளிச்சத்துல பாத்து தள்ளணும். நகக்கடைல வைக்கிற மாதிரி சின்ன டிஜிட்டல் தராசு ஒண்ணு வாங்குனா எடை பாத்தும் பிரிக்கலாம், நான் பிரிச்சேன், ஆனா உண்மைய சொன்னா எடையால கிடைச்ச லாபத்த விட நசுங்குனத எடுத்து போட்டதுல கிடைச்ச லாபம் தான் அதிகம்.

பேரல் மூடுற எடத்துல காத்து கசியாம இருக்க ஒரு சீல் இருக்கும், ஓ ரிங்னு சொல்லுற வளையம். அங்க காத்து கசியுதான்னு பாக்க சுலபமான வழி, ஒரு துண்டு டிஷ்யூ பேப்பர அந்த இடுக்கு மேல வச்சு சுடுங்க, பேப்பர் பறந்தா கசியுது. சீல் மாத்தணும், இல்லன்னா சீலுக்கு கீழ மெல்லிசா ஒரு வளையம் வெட்டி வச்சு ஒசத்தணும். இதுல கவனிக்க வேண்டியது, கசிவு எல்லா ஷாட்டுக்கும் ஒரே அளவா இருந்தா கூட தொல்ல இல்ல, அது அப்பிடி இருக்காது.

பேரல் நுனி, க்ரவுன்னு சொல்லுவாங்க. பெல்லட்டு கடைசியா தொடுற எடம் அது தான், அங்க ஒரு பிசிறு இருந்தா ஒரு பக்கம் காத்து முன்கூட்டியே பிச்சுக்கிட்டு போயி பெல்லட்ட தட்டி விடும். காது குடையுற பஞ்சு குச்சிய நுனிக்குள்ள விட்டு சுத்தி வெளிய இழுங்க, எங்கயாவது பஞ்சு மாட்டுச்சுன்னா அங்க பிசிறு. உருண்ட தல உள்ள பித்தள ஸ்க்ரூ ஒண்ண கை ட்ரில்லுல மாட்டி, தலைல வால்வ் க்ரைண்டிங் பேஸ்ட்டு தடவி, மெதுவா சுத்தி, சுத்தும்போதே ட்ரில்ல எல்லா பக்கமும் லேசா சாய்ச்சுக்கிட்டே இருந்தா ஓரம் சீரா வந்திரும். உள்ள பஞ்சு அடச்சிட்டு தான் செய்யணும், இல்லன்னா பேஸ்ட்டு பேரலுக்குள்ள போயி பெல்லட்ட சுத்த வைக்கிற சுருள் வரிய தின்னுரும். பேரல் சுத்தம் பண்ண நான் கம்பி விடுறதில்ல, கொளச்சல்ல வாங்குன தங்கூசில, அதாவது தூண்டில் நரம்புல, துணி கட்டி, பெல்லட்டு வைக்கிற பக்கமிருந்து நுனிக்கு இழுக்கேன், அதுவும் அடிக்கடி கெடையாது. சுத்தம் பண்ணுன ஒடனே குரூப் கொஞ்சம் விரியும், பேரல்ல மறுபடி ஈயம் லேசா படிஞ்ச பெறகு பழைய நெலமைக்கு வரும்.

இவ்வளவுக்கும் பெறகு தான் தொறந்தேன்.

தொறக்குறதுக்கு முன்ன ஒரு வார்த்த. உள்ள இருக்க ஸ்ப்ரிங்கு சும்மா கெடக்கும்போதும் அமுங்கி தான் கெடக்கும். அத பிடிச்சு வச்சிருக்க பின் ஊசிய கழட்டுன ஒடனே அது மூஞ்சி, பல்லுன்னு ஒண்ணும் பாக்காது. ஸ்ப்ரிங் கம்ப்ரசர் இல்லாம கையால தொறக்கவே கூடாது. ஆசாரிமாரு கதவு ஒட்டும்போது இறுக்குற நீள கிளாம்ப் ஒண்ண பலகைல பிடிச்சு, துப்பாக்கி நழுவாம ரெண்டு பக்கமும் கட்டை அடிச்சு தான் நான் செஞ்சேன், அது பைய பைய விடுறதுக்கு வசதி. அதுவும் தெரியாதுன்னா தெரிஞ்ச ஆளுகிட்ட குடுத்திருங்க, இதுல மானம் போறதுக்கு ஒண்ணும் இல்ல.

உள்ள பாத்தா ஸ்ப்ரிங்குக்கு நடுவுல ஒரு தகர குழாய், கைடுன்னு சொல்லுவாங்க, ஸ்ப்ரிங்குக்கும் அதுக்கும் நடுவுல ஒரு தீக்குச்சி போற அளவு எடம். சுடும்போது டொய்ங்ங்னு ஒரு சத்தம் கேக்கும்லா, அதுக்கு காரணம் இது தான், ஸ்ப்ரிங்கு உள்ள கெடந்து வளைஞ்சு வளைஞ்சு ஆடுது. கோட்டாறுல எனக்கு தெரிஞ்ச ஒரு அண்ணாச்சி லேத் வச்சிருக்காரு, மோட்டர் ஷாஃப்ட்டு, படகு எஞ்சின் சாமான்னு தான் அவருக்கு பொழப்பு. ஸ்ப்ரிங்கயும் குழாயயும் கைல குடுத்ததும் ஆட்டி பாத்துட்டு சிரிச்சாரு.

"இது கெடந்து ஆடாம என்ன செய்யும் மக்கா? எதுல செய்யணும்?"

"டெல்ரின்ல அண்ணாச்சி. கையால அமுக்குனா ஏறணும், தலகீழா பிடிச்சா தானா கழண்டு விழக்கூடாது."

"செரி, ஸ்ப்ரிங்க இங்க போட்டுட்டு போ, சாயங்காலம் வா. கொக்கு சுடத்தானே?"

"இல்ல அண்ணாச்சி, பேப்பர்."

"பேப்பருக்கா இவ்வளவு பாடு?"ன்னு கேட்டாரே தவர வேலைல ஒரு கொற வைக்கல. டெல்ரின்னா ஒரு கட்டி பிளாஸ்டிக்கு, அதுல அடில ஒரு கைடு, பிஸ்டன் பக்கம் இருக்க நுனிக்கு தொப்பி மாதிரி இன்னொண்ணு, ரெண்டும் சுத்தமா வந்துச்சு. இந்த ரெண்டு சாமானும் போட்டதும் அந்த டொய்ங் போயி "டப்"ன்னு ஒரு சத்தம் தான்.

ஸ்ப்ரிங்க பொறுத்த வரைக்கும், பழச கண்ணாடி மேல வச்சு உருட்டுனா தெரியும் நேரா இருக்கா வளைஞ்சிருக்கான்னு, எனக்குள்ளது வளைஞ்சு தான் கெடந்துச்சு. மாத்தும்போது கொஞ்சம் இளகுனதா வாங்கி போட்டேன். ரெண்டு நுனியையும் எமரி தாள்ல தேச்சு கண்ணாடி மாதிரி ஆக்குனா விரியும்போது பிடிக்காம வழுக்கிட்டு சுத்தும், முறுக்கு கொறையும். பெறகு சிலிண்டர்ல உள்ள வெட்டு ஓரங்கள், பிஸ்டன மறுபடி உள்ள தள்ளும்போது அதுக்க நுனில உள்ள சீல் அந்த ஓரத்துல உரசிட்டு தான் போவும், அங்க கூரா இருந்தா சீல் வெட்டிரும், நமக்கு வெளிய தெரியவும் செய்யாது. சின்ன அரம் போட்டு மழுக்கி, தூள் ஒண்ணு மிச்சம் இல்லாம தொடச்சு தான் கோக்கணும்.

கிரீஸ் விசயத்துல எங்க ஊரு வைத்தியத்த சொல்லியே ஆகணும். கதவு கீல்ல இருந்து காது வலி வரைக்கும் நமக்கு தேங்காண்ண தான் மருந்து, ஏர்கன்லயும் ஊத்துவான். இல்லன்னா தையல் மெசின் ஆயில். பிஸ்டன் காத்த அமுக்குற வேகத்துல சூடு எகிறும், எண்ணெய் அங்க இருந்தா டீசல் எஞ்சின் மாதிரியே பத்தும், நுனில பொக வரும், சத்தம் வெடி மாதிரி கேக்கும், கேக்குறவன் "பவர் பாத்தியா"ம்பான். ஒரு ஷாட்டு அப்பிடி, அடுத்த ஷாட்டு இப்பிடின்னு போவும், சீலும் ஸ்ப்ரிங்கும் சீக்கிரம் சாவும். சரியான முற என்னன்னா, மாலிப்டினம் பேஸ்ட்டு பிஸ்டன் பக்கவாட்டுலயும் உரசுற எடத்துலயும் சும்மா நெறம் மாறுற அளவுக்கு மட்டும், ஸ்ப்ரிங்கு மேல கட்டி கிரீஸ் மெல்லிசா, சீலுக்கு முன்பக்கம் ஒண்ணுமே கூடாது. பழைய தோல் சீல் உள்ள துப்பாக்கின்னா அந்த தோலுக்கு மட்டும் தனியா கொஞ்சம் ஈரம் வேணும், காஞ்சா காத்து நிக்காது. எவ்வளவு கொறச்சு போட்டாலும் கோத்து முடிச்ச மொத கொஞ்ச ஷாட்டு பொகையும், அத கணக்குல எடுக்காதீங்க.

முடிச்சிட்டு ஒரு நண்பன்கிட்ட பெல்லட்டு வேகத்த அளக்குற க்ரோனோகிராஃப் கடன் வாங்கி அளந்தேன். முன்ன 0.52 கிராம் பெல்லட்டு வினாடிக்கு 235 மீட்டர் பக்கம் போச்சு, பதினாலு ஜூல் சொச்சம். இப்போ 205, பதினோரு ஜூல். கேட்டவனெல்லாம் "காசு குடுத்து பவர குறைச்சிருக்கியே"ன்னு சிரிச்சான். ஆனா முன்ன ஷாட்டுக்கு ஷாட்டு பத்து பன்னெண்டு மீட்டர் வித்தியாசம் வந்த எடத்துல இப்போ மூணு நாலு மீட்டர் தான், கார்டுல பத்து ஷாட்டு ஒம்பது பத்து மில்லிமீட்டருக்குள்ள நிக்கி. சிரிச்சவன் கைல துப்பாக்கிய குடுத்து ஒரு கார்டு போட வச்சேன், பெறகு அவனுக்க ஏர்கன்ன தொறக்க எப்போ வரலாம்னு அவனே கேட்டான்.

ட்ரிகர்ல நான் ரொம்ப கைவைக்கல, நீங்களும் வைக்காதீங்கன்னு தான் சொல்லுவேன். வெளிய அட்ஜஸ்ட் ஸ்க்ரூ இருந்தா அத திருகலாம், சியர் உரசுற எடத்துல ஒரு பொட்டு மாலி பேஸ்ட்டு வைக்கலாம். அந்த மொகத்த கல்லு போட்டு தேச்சு லேசாக்குறேன்னு எறங்குனா மேல இருக்க கட்டியான தோல் போயிரும், உள்ள இரும்பு மெதுவு, கொஞ்ச நாள்ல தானா வழுக்கி வெடிக்கும். பேரல் மடங்கி தொறந்து கெடக்கும்போது, பெல்லட்ட வைக்க வெரல அங்க விட்டிருக்கும்போது வழுக்குனா வெரலு போச்சு. லோடு பண்ணும்போது இன்னொரு கை பேரல இறுக்கி பிடிச்சிக்கிட்டே இருக்கணும், ட்ரிகர் நல்லா இருந்தாலும் சரி.

ஸ்கோப்பு வாங்குறவங்களுக்கு ரெண்டு விசயம். சாதாரண ரைஃபிள் ஸ்கோப்பு பின்னால ஒரு ஒத மட்டும் தாங்குற மாதிரி தான் செஞ்சிருப்பாங்க, ஸ்ப்ரிங் ரைஃபிள் பின்னாலயும் முன்னாலயும் ரெண்டு ஒத குடுக்கும், அந்த ஸ்கோப்பு உள்ள கழண்டு போவும். ஏர்கன்னுக்குன்னு எழுதுனது பாத்து வாங்குங்க, மவுண்ட்டும் ஒரே துண்டா, நழுவாம இருக்க பின் உள்ளதா. ரெண்டாவது பாராலக்ஸ். பல ஸ்கோப்புல அது நூறு கெஜத்துக்கு செட் பண்ணி வரும், பத்து மீட்டர்ல வச்சு பாத்தா கண்ண லேசா அசச்சாலே ஸ்கோப்புக்குள்ள தெரியுற க்ராஸ் கோடு கார்டு மேல நகரும். முன்பக்கம் திருகி பத்து மீட்டர் வரைக்கும் எறக்க முடியுறது தான் வேணும். பைசா இல்லன்னா ஸ்கோப்பே வேண்டாம், பின்னால சின்ன ஓட்ட உள்ள பீப் சைட்டு போதும், ஒலிம்பிக்ல அது தான வைக்காங்க.

காத்து பத்தி சொல்லுதேன்னு சொன்னேன்லா. ஆரல்வாய்மொழி கணவாய்ல ஆனி ஆடில போயி நின்னா வேட்டி நிக்காது, முப்பந்தல்ல அத்தன காத்தாடிய சும்மாவா நட்டு வச்சிருக்கான். தோவாள பக்கம் இருக்க ஒரு தோழர் மொட்டமாடில கார்டு வச்சுட்டு குரூப் விரியுது, ட்யூனிங் போயிருச்சுன்னு எனக்கு போட்டோ போட்டு அழுவாரு. அந்த காத்துல பத்து மீட்டர்லயே இந்த துக்கடா பெல்லட்டு ரிங்கு ரிங்கா தள்ளிட்டு போவும், அவரு ஸ்ப்ரிங்க கொற சொல்லி என்ன செய்ய. கீழ மாட்டுக்கொட்டாய்ல வச்சு சுட சொன்னேன், அன்னைக்கே சரியாச்சு, மாடு மட்டும் கோவமா இருக்காம். கடப்பக்கம் முட்டம், குளச்சல்ல இருக்கவங்களுக்கு காத்த விட உப்பு தான் வில்லன், சுட்டு முடிச்சு கை ரேகையோட வச்சா மறுநாளே பேரல்ல ரேகை மாதிரியே துரு பிடிச்சிருக்கும். எண்ணெய் துணியால வெளிப்பக்கம் தொடச்சு, உறைக்குள்ள போடாம தொறந்து வைங்க, உறை ஈரத்த பிடிச்சு வைக்கும்.

பி.சி.பி.க்கு, அதாவது காத்த முன்கூட்டியே அடச்சு வச்சு சுடுற ரைஃபிளுக்கு மாறிரு, இந்த பாடு ஒண்ணும் வேண்டாம்னு சொல்லுறவங்களும் உண்டு. உண்மை தான், அதுல பிஸ்டன் கெடையாது, துள்ளல் கெடையாது. ஆனா சிலிண்டர்ல 200 பார் காத்து அடைக்கணும், கை பம்புல அடிச்சா நம்ம ஊரு காத்துல இருக்க ஈரமும் சேந்து உள்ள போயி ஓ ரிங்கையும் ரெகுலேட்டரையும் கெடுக்கும், சிலிக்கா ஜெல் ஃபில்ட்டர் போட்டாலும் மழ காலத்துல அது ரெண்டு நாள்ல நெறம் மாறிரும். வெலையும் பல மடங்கு. எனக்கு இப்போதைக்கு ஸ்ப்ரிங்கு போதும்.

இன்னும் ஒரு பாக்கி இருக்கு, பேரல் மடங்குற எடத்துல பக்கவாட்டுல மயிரிழை ஆட்டம். பேரல மடக்கி ஸ்ப்ரிங்க மாட்டுன பெறகு, பேரல எந்த நெலைல விட்டாலும் அது அங்கயே நிக்கணும், தன் எடைல கீழ தொங்கக்கூடாது, எனக்குள்ளது இப்போ லேசா தொங்குது. போல்ட்ட இறுக்குனா ஒரு வாரம் நிக்கி, பெறகு பழையபடி. வாஷர் தேஞ்சிருக்கு. கோட்டாறு அண்ணாச்சிகிட்ட பாஸ்பர் பிரான்ஸ் தகடு இருக்காம், வர்ற வாரம் போயி ரெண்டு வெட்டி வாங்கிட்டு வந்து, முன்னாடி கார்டும் பின்னாடி கார்டும் சேத்து போடுதேன்.